உப்புத் தாங்கும் நெல்: இன்ஸ்டால் செய்யலாமா?

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர் வீட்டில் முதல் வாரம் என்ன நடக்கும் என்பது உங்களுக்கே தெரியும். பெட்டிக்குள் வந்த தெர்மாகோலைக்கூட யாரும் தூக்கிப் போட மாட்டார்கள். பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் வந்து தொட்டுப் பார்த்துவிட்டுப் போவார்கள். பிறகு, தெருவில் 'கம்ப்யூட்டர் தெரிந்தவர்' என்று பெயர் எடுத்த ஒருவருக்கு ஆள் அனுப்புவார்கள். தமிழ் டைப்பிங் போட்டுக் கொடு, பிரவுசர் போட்டுக் கொடு, தேவையில்லாததை எல்லாம் எடுத்துவிடு என்பார்கள். மீஞ்சூரில் எங்கள் தெருவில் அந்தப் பெயர் எனக்கு.

அப்படி அண்மையில் ஒரு பெரியவர் வீட்டுக்குப் போயிருந்தேன். அவருடைய பேத்தி கல்லூரியில் பயோடெக்னாலஜி சேர்ந்திருக்கிறாள். அவளுக்காக வாங்கிய லேப்டாப். பெரியவருக்கு ஊருக்குக் கிழக்கே, கடல் பக்கமாகக் கொஞ்சம் நிலம் இருக்கிறது. ஒரு காலத்தில் கிணற்றுப் பாசனத்தில் வருடம் முழுக்க விளைந்த நிலம். இப்போது மழையை நம்பி ஒரு போகம். கிணறு இருக்கிறது, தண்ணீரும் இருக்கிறது. வாயில் வைக்க முடியாது, அவ்வளவுதான்.

நான் தமிழ் கீபோர்டை செட் செய்து முடித்ததும் அவர் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தார்.

"தம்பி, உப்புத் தண்ணியில விளையுற நெல்லு வந்துடுச்சின்னு டி.வி.யில சொன்னாங்க. இதுல தட்டிப் பாரு, நெசமான்னு சொல்லு."

தட்டிப் பார்த்தோம். நிஜம்தான், ஆனால் பாதி நிஜம். அதைச் சொன்னதும் அவர் இரண்டாவது கேள்வியைக் கேட்டார்.

"அந்த வெதைய எடுத்து வச்சி அடுத்த வருசம் போட்டுக்கலாமா?"

அதற்கு என்னிடம் உடனே பதில் இல்லை. பயோடெக்னாலஜி படிக்கும் பேத்தியிடமும் இல்லை. மரபணுத் தொழில்நுட்பம் நல்லதா கெட்டதா என்று பட்டிமன்றம் நடத்துபவர்கள் பலர். இந்தப் பெரியவர் கேட்ட மாதிரி யாரும் கேட்டு நான் பார்த்ததில்லை. அதனால்தான் இந்த மாதம் சாப்ட்வேரை ஒதுக்கி வைத்துவிட்டு நெல்லைப் பற்றி எழுதுகிறேன். பயப்படாதீர்கள், கம்ப்யூட்டரைத் தெரிந்தவர்களுக்கு இது சுலபமாகவே புரியும்.

முதலில் அந்தக் கிணறு எப்படிக் கெட்டது என்று பார்த்துவிடுவோம். ஆரணியாறும் கொசஸ்தலையாறும் பல ஆயிரம் வருடங்களாகக் கொண்டுவந்து கொட்டிய மணலும் களிமண்ணும்தான் எங்கள் பகுதி. அந்த மணலுக்கு அடியில் நல்ல தண்ணீர் ஏராளம். 1960-களின் பிற்பகுதியில் ஐக்கிய நாடுகள் வளர்ச்சித் திட்டத்தின் உதவியோடு நடந்த ஆய்வில் மீஞ்சூர், பஞ்செட்டி, தாமரைப்பாக்கம் ஆகிய இடங்கள் ஆழ்துளைக் கிணறுகளுக்கு ஏற்றவை என்று குறிக்கப்பட்டன. சென்னை நகரத்துக்கும் மணலி, எண்ணூர் பக்கத்துத் தொழிற்சாலைகளுக்கும் இங்கிருந்து தண்ணீர் போனது. விவசாயிகளும் மோட்டார் போட்டு இறைத்தார்கள், அதையும் மறைக்க வேண்டாம்.

கடலோரத்தில் நிலத்தடி நன்னீர்தான் கடல் நீரை அந்தப் பக்கமே நிறுத்தி வைக்கிறது. நன்னீர் எடை குறைவு, உப்பு நீர் கனம். கணக்குப்படி பார்த்தால், கடல் மட்டத்துக்கு மேலே நிற்கும் நன்னீர் 1 மீட்டர் இறங்கினால், கீழே உப்பு நீரின் எல்லை சுமார் 40 மீட்டர் மேலே ஏறும். ஒன்றுக்கு நாற்பது! இந்தக் கணக்கை நூறு வருடங்களுக்கு முன்பே கண்டுபிடித்து எழுதி வைத்துவிட்டார்கள். இருந்தும் இறைத்தோம். 1960-களின் இறுதியிலேயே மீஞ்சூர் பக்கத்தில் கடல் நீர் உள்ளே வருவது தெரிந்துவிட்டது. அதற்குப் பிறகு அது பல கிலோமீட்டர் உள்ளே வந்துவிட்டது. சென்னை பெருநகர்ப் பகுதி நிலத்தடி நீர் ஒழுங்குமுறைச் சட்டம் 1987-ல் வந்தது. அதற்குள் பல கிணறுகள் போயே போய்விட்டன. நிலத்தடியில் கடல் நீர் புகுவதைப் பற்றிப் படிக்கும் மாணவர்களுக்கு மீஞ்சூர் ஒரு பாடம். வெளியூர் போய் மீஞ்சூர் என்று சொன்னால் அனல் மின் நிலையத்தைச் சொல்வார்கள், அல்லது இதைச் சொல்வார்கள்.

இன்னொரு வேடிக்கை. 2010-ல் பக்கத்துக் காட்டுப்பள்ளியில் கடல் நீரைக் குடிநீராக்கும் நிலையம் திறந்தார்கள். நாள் ஒன்றுக்கு 10 கோடி லிட்டர். அந்தத் தண்ணீர் சென்னைக்குப் போகிறது. கடல் தண்ணீர் இனிப்பாகி நகரத்துக்குப் போக, கிணற்றுத் தண்ணீர் உப்பாகி வயலில் நிற்கிறது.

நெல் உப்புக்கு மிகவும் கூச்சப்படுகிற பயிர். மண்ணின் உப்பை மின்கடத்து திறனாக அளப்பார்கள். அந்த அளவு 3-ஐத் தாண்டினாலே நெல்லுக்கு விளைச்சல் குறைய ஆரம்பித்துவிடும். கடல் நீர் சுமார் 50. ஆகவே கடல் நீரில் பத்தில் ஒரு பங்கு கலந்து வந்தாலே நெல்லுக்குத் தொந்தரவுதான்.

சரி, இனி கம்ப்யூட்டர் பக்கம் வருவோம்.

உங்கள் ஹார்டு டிஸ்கில் இருக்கும் எல்லாமே 0, 1 என்ற இரண்டு எழுத்துக்கள்தான் என்று முன்பே படித்திருப்பீர்கள். உயிர்கள் நான்கு எழுத்துக்களில் எழுதப்பட்டிருக்கின்றன: ஏ, டி, ஜி, சி. இந்த நான்கும் மாறி மாறி வரும் நீண்ட சரம்தான் டி.என்.ஏ. அதில் ஒரு குறிப்பிட்ட வேலைக்கான பகுதியை மரபணு என்கிறோம். ஹார்டு டிஸ்க் முழுவதும் டி.என்.ஏ. என்றால், அதில் ஒரு பைல் ஒரு மரபணு. நெல்லின் டி.என்.ஏ. சரத்தை முழுமையாகப் படித்து முடித்து 2005-ல் வெளியிட்டார்கள். பல நாடுகள் சேர்ந்து செய்த அந்த வேலையில் இந்தியாவும் உண்டு. நெல்லின் 12 குரோமோசோம்களில் 11-வது குரோமோசோமின் ஒரு பகுதியைப் படித்துக் கொடுத்தது நம் ஆட்கள். மொத்தம் சுமார் 39 கோடி எழுத்துக்கள். ஒரு எழுத்துக்கு 2 பிட் வீதம் வைத்தால் நூறு எம்.பி.கூட வராது. 5 எம்.பி. அளவுள்ள எம்.பி.3 பாட்டு இருபதுக்குச் சமம்! மனிதனுக்கு சுமார் 310 கோடி எழுத்துக்கள், அதாவது 775 எம்.பி. ஒரு பழைய சி.டி.யில் கொஞ்சம் பிதுங்கும். உங்களிடம் இருக்கும் பென் டிரைவில் நெல்லையும் மனிதனையும் போட்டுவிட்டு, மீதி இடத்தில் கல்யாண வீடியோவையும் போடலாம். நெல்லின் சரம் நெட்டில் இலவசமாகவே கிடைக்கிறது, விரும்புகிறவர்கள் டவுன்லோடு செய்யலாம். இதை நான் சொன்னபோது பேத்தி சிரித்தாள், பெரியவர் சிரிக்கவில்லை. "நெல்லயே இதுக்குள்ள வச்சிட்டானா?" என்றார்.

மரபணு மாற்றம் என்பது ஒரு உயிரிலிருந்து பைலை காப்பி செய்து இன்னொரு உயிரில் பேஸ்ட் செய்வது. வேறு வேறு உயிர்களில் ஒரே மொழி ஓடுவதால்தான் இது முடிகிறது. விண்டோஸ் புரோகிராம் மேக்கில் ஓடாது. ஆனால் மரத்தின் மரபணு நெல்லில் ஓடும்.

இதற்கு நம் ஊரிலேயே நல்ல உதாரணம் உண்டு. எண்ணூர் முகத்துவாரத்திலும் பழவேற்காட்டிலும் உப்புச் சேற்றில் நிற்கும் அலையாத்தி மரங்களைப் பார்த்திருப்பீர்கள். அவற்றில் ஒரு இனம் இலையின் வழியாகவே உப்பை வெளியே தள்ளும். இலையை நக்கிப் பார்த்தால் கரிக்கும். சென்னை தரமணியில் உள்ள எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்தின் விஞ்ஞானிகள் அந்த மரத்திலிருந்து ஒரு மரபணுவை எடுத்து பூசா பாஸ்மதி-1 நெல்லில் புகுத்தினார்கள். அஜய் பரீடா குழுவின் அந்த ஆய்வு 2008-ல் வெளிவந்தது. உப்பு அதிகமானால் செடியின் செல்களுக்குள் ஒருவகை நச்சு ஆக்சிஜன் உண்டாகிறது. அதைச் செயலிழக்கச் செய்யும் என்சைமுக்கான பைல்தான் அந்த மரபணு. கடல் நீரின் உப்பில் சுமார் கால் பங்கு உப்புள்ள கரைசலில் 8 நாள் வைத்தபோது சாதாரண நாற்று வாடிவிட்டது, மரபணு புகுத்திய நாற்று தாங்கியது. தொட்டியில் வளர்த்தபோதும் உப்புத் தண்ணீரைச் சாதாரணச் செடியைவிட நன்றாகவே தாங்கியது.

தொட்டியில்தான், வயலில் அல்ல! இந்த இடத்தில்தான் டி.வி. செய்திகள் பாதியை விழுங்கிவிடுகின்றன. மரபணு மாற்றிய நெல் எதுவும் இந்தியாவில் இதுவரை வணிகச் சாகுபடிக்கு அனுமதி பெறவில்லை. பயிராக அனுமதி பெற்று விளைவது பருத்தி ஒன்றுதான்.

அப்படியானால் பெரியவர் டி.வி.யில் பார்த்தது எது? அது வேறு ஒன்று. 2025 மே மாதம் மத்திய வேளாண் அமைச்சர் இரண்டு நெல் ரகங்களை அறிவித்தார். அதில் ஒன்று 'பூசா டி.எஸ்.டி. ரைஸ் 1'. ஆந்திராவில் பிரபலமான எம்.டி.யு. 1010 ரகத்தில் செய்த வேலை. இதில் வெளியிலிருந்து பைல் எதையும் பேஸ்ட் செய்யவில்லை. நெல்லுக்குள்ளேயே இருக்கும், வறட்சியையும் உப்பையும் தாங்குவதற்குத் தடையாக இருக்கும் ஒரு மரபணுவைத் திருத்தி வேலை செய்யாமல் ஆக்கியிருக்கிறார்கள். வேர்டு பைலில் ஒரு எழுத்தை டெலீட் செய்து சேவ் செய்வது போல. இதற்குப் பயன்படும் கருவியின் பெயர் கிரிஸ்பர். அதைக் கண்டுபிடித்த இரண்டு பெண் விஞ்ஞானிகளுக்கு 2020-ல் நோபல் பரிசு கிடைத்தது. இந்தியாவில் 2022 மார்ச்சில் இப்படிப்பட்ட, அன்னிய மரபணு இல்லாத பயிர்களுக்கு மரபணு மாற்றுப் பயிர்களுக்கான கடுமையான விதிகளிலிருந்து விலக்கு தந்துவிட்டார்கள்.

அறிவித்துவிட்டார்களே தவிர, விதை விவசாயி கைக்கு வர சில வருடங்கள் ஆகும் என்று அப்போதே செய்திகள் வந்தன. உப்பு நிலத்தில் இந்த ரகம் எவ்வளவு கூடுதலாக விளைந்தது என்ற சோதனைக் கணக்கைப் பற்றியும் எதிர்ப்புக் குழுக்கள் கேள்வி எழுப்பியிருக்கின்றன. அதனால்தான் பாதி நிஜம் என்றேன்.

இப்போது என் கருத்துக்கு வருகிறேன். நான் இந்தத் தொழில்நுட்பத்துக்கு எதிரி அல்ல. எங்கள் வீட்டு பிரிட்ஜிலேயே அது இருக்கிறது. வீட்டில் சர்க்கரை நோயாளி இருந்தால் உங்கள் பிரிட்ஜிலும் இருக்கும். முன்பெல்லாம் பன்றி, மாடு ஆகியவற்றின் கணையத்திலிருந்து இன்சுலின் எடுத்தார்கள். மனித இன்சுலின் மரபணுவைப் பாக்டீரியாவில் புகுத்தித் தயாரித்த மருந்துக்கு 1982-ல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. மஞ்சள் காமாலை 'பி' தடுப்பூசி ஒரு காலத்தில் ஏழைகளால் நினைத்துப் பார்க்க முடியாத விலை. ஹைதராபாத்தில் சாந்தா பயோடெக்னிக்ஸ் 1997-ல் மரபணு முறையில் இங்கேயே தயாரித்து விற்ற பிறகுதான் விலை இறங்கியது. இதை எல்லாம் ஊசியாகப் போட்டுக்கொண்டு 'மரபணு என்றாலே ஆபத்து' என்று பேசுவது சரியாகாது.

ஆனால் இன்சுலின் பாக்டீரியா ஸ்டீல் தொட்டிக்குள் அடைந்து கிடக்கிறது. தொட்டியைக் கழுவிவிட்டால் கதை முடிந்தது. நெல் அப்படி அல்ல. அது காற்றில் பூக்கும், வரப்பில் சிந்தும், குருவி கொத்திக்கொண்டு போகும். தன்னைத் தானே காப்பி எடுத்துக்கொள்ளும் சாப்ட்வேர் அது. நெல் பெரும்பாலும் தன் மகரந்தத்திலேயே சூல்கொள்ளும் என்பது உண்மை. ஆனால் வயலில் களையாக முளைக்கும் காட்டு நெல்லோடு கொஞ்சம் கலக்கவும் செய்யும். உப்பைத் தாங்கும் குணம் களை நெல்லுக்குப் போய்விட்டால் என்ன செய்வது? பயிர் பிழைக்கும் உப்பில் களையும் பிழைக்கும். இங்கே கன்ட்ரோல்-இசட் கிடையாது. நெல்லின் பூர்வீகங்களில் ஒன்று இந்தியா என்பதால் நாம் இன்னும் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும். திருத்திய நெல்லில் அன்னிய மரபணு இல்லை என்பதால் இந்தப் பயம் குறையலாம், போய்விடாது. விதிவிலக்கு கொடுத்ததில் எனக்கு உடன்பாடில்லை. ஒரு எழுத்தை மாற்றினாலும் புரோகிராமை டெஸ்ட் செய்யாமல் யாரும் வெளியிட மாட்டார்கள். மாற்றம் சின்னது என்பதால் விளைவும் சின்னதாகத்தான் இருக்கும் என்று எந்தப் புரோகிராமரும் சத்தியம் செய்ய மாட்டார்.

பருத்தியில் நடந்ததை நினைத்துப் பாருங்கள். பி.டி. பருத்திக்கு 2002 மார்ச்சில் அனுமதி கிடைத்தது. காய்ப்புழுவைக் கொல்லும் நச்சைச் செடியே தயாரித்துக்கொள்ளும். முதல் சில வருடங்கள் மருந்தடிக்கும் செலவு குறைந்தது, விவசாயிகள் ஓடிப்போய் வாங்கினார்கள். அவர்களை முட்டாள்கள் என்று சொல்ல எனக்கு மனசில்லை. ஆனால் 2010-ல், குஜராத்தில் இளஞ்சிவப்புக் காய்ப்புழு முதல் தலைமுறை பி.டி. பருத்திக்குப் பழகிவிட்டது என்று விதை நிறுவனமே ஒப்புக்கொண்டது. பின்னர் இரண்டாம் தலைமுறைக்கும் பழகிவிட்டது. ஆன்டி-வைரஸ் போட்டிருக்கிறோம் என்று நிம்மதியாக இருக்கும்போது புது வைரஸ் வருவது போலத்தான். கம்ப்யூட்டரில் அப்டேட் வரும், வயலில் அடுத்த விதைப் பாக்கெட் வரும். அதற்கு விலை உண்டு. 450 கிராம் பாக்கெட்டை 1,600 ரூபாய்க்கு மேல் விற்றார்கள். ஆந்திர அரசு வழக்குப் போட்டு இழுத்த பிறகு 2006-ல் 750 ரூபாய் ஆனது. விலையில் பெரும்பகுதி விதைக்கு அல்ல, அதற்குள் இருக்கும் மரபணுவுக்கான உரிமத் தொகை!

இங்கேதான் பெரியவரின் இரண்டாவது கேள்வி வருகிறது. விதையை எடுத்து வைக்கலாமா?

சாப்ட்வேர் இன்ஸ்டால் செய்யும்போது நீளமாக ஒரு ஒப்பந்தம் வரும். நீங்களும் படித்ததில்லை, நானும் படித்ததில்லை. 'ஐ அக்ரீ' என்ற பட்டனைத் தட்டிவிட்டு அடுத்த திரைக்குப் போய்விடுகிறோம். அந்த சாப்ட்வேர் நமக்குச் சொந்தம் அல்ல, பயன்படுத்திக்கொள்ள அனுமதி மட்டுமே என்று அதில் எழுதியிருக்கும். காசு கொடுத்து வாங்கிய சி.டி.யைப் பக்கத்து வீட்டுக்காரருக்குக் காப்பி எடுத்துக் கொடுத்தால் குற்றம். விதையிலும் இப்படி ஒன்று வந்துவிட்டால்? நாற்று விடும் காலத்தில் ஒரு மரக்கால் விதை நெல்லை அண்டை வீட்டுக்குக் கொடுத்து, அறுவடைக்குப் பிறகு திருப்பி வாங்குவது நம் ஊர்களில் காப்பி எடுப்பது ஆகாது. அது உறவு.

நல்ல செய்தி என்னவென்றால், இந்தியச் சட்டம் இதில் விவசாயி பக்கம் நிற்கிறது. 2001-ல் வந்த பயிர் ரகங்கள் மற்றும் விவசாயிகள் உரிமைப் பாதுகாப்புச் சட்டம், பதிவு செய்த ரகமாக இருந்தாலும் விளைந்ததிலிருந்து விதை எடுத்து வைக்கவும், மீண்டும் விதைக்கவும், மாற்றிக்கொள்ளவும், விற்கவும் விவசாயிக்கு உரிமை தருகிறது. பிராண்டு பெயர் போட்டு விற்கக்கூடாது, அவ்வளவுதான். இப்படிச் சட்டம் இருந்தும் 2019-ல் குஜராத்தில் தன் உருளைக்கிழங்கு ரகத்தைப் பயிரிட்டார்கள் என்று பெப்சிகோ நிறுவனம் விவசாயிகள் மேல் வழக்குப் போட்டது. கேட்ட நஷ்டஈடு ஆளுக்கு ஒரு கோடிக்கு மேல்! நாடு முழுக்கக் கூச்சல் எழுந்த பிறகு வழக்கைத் திரும்பப் பெற்றார்கள். உரிமை புத்தகத்தில் இருக்கிறது. நோட்டீஸ் வீட்டுக்கு வரும்போது அந்தப் புத்தகத்தைத் திறந்து காட்ட ஒரு வக்கீல் வேண்டியிருக்கிறது.

பூசா டி.எஸ்.டி. நெல்லை உருவாக்கியது அரசு நிறுவனம், நம் வரிப்பணம். ஆகவே விதையை எடுத்து வைக்கலாம் என்றுதான் நினைக்கத் தோன்றும். ஆனால் கிரிஸ்பர் என்ற கருவியின் காப்புரிமைகள் வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்களிடமும் நிறுவனங்களிடமும் இருக்கின்றன. வாடகைக் கருவியில் செய்த நாற்காலி யாருக்குச் சொந்தம் என்ற கேள்வி. இதற்கான பதிலை விதை வருவதற்கு முன்பே அரசு தமிழில் எழுதிப் பாக்கெட்டில் ஒட்ட வேண்டும். பாக்கெட்டைப் பிரித்த பிறகு 'ஐ அக்ரீ' என்று கைநாட்டு வாங்கும் வேலை கூடாது.

அலையாத்தி மரபணுவுக்கும் இதே கேள்வி உண்டு. அந்த மரம் எந்தக் கம்பெனியின் தோட்டத்திலும் வளரவில்லை. இறாலும் நண்டும் பிடிக்கிற மக்கள் வாழும் உப்பங்கழிகளில் வளர்கிறது. உயிரியல் வளங்களை எடுத்துக் காப்புரிமை கேட்பவர்கள் அனுமதி வாங்க வேண்டும், பலனில் பங்கு தர வேண்டும் என்று 2002-ல் சட்டம் போட்டார்கள். அதைப் பார்த்துக்கொள்ளும் தேசிய பல்லுயிர் ஆணையத்தின் தலைமை அலுவலகம் சென்னையில், அதே தரமணியில்தான் இருக்கிறது. எண்ணூரில் வலை வீசும் எத்தனை பேருக்கு அப்படி ஒரு அலுவலகம் இருப்பது தெரியும்?

கேட்பது என்று வந்துவிட்டதால் இதையும் சொல்லிவிடுகிறேன். பி.டி. கத்தரிக்காய் வரவிருந்தபோது அன்றைய சுற்றுச்சூழல் அமைச்சர் ஜெய்ராம் ரமேஷ் ஏழு நகரங்களில் மக்களிடம் கருத்துக் கேட்டார். கூட்டங்களில் கூச்சலும் குழப்பமும் நிறையவே இருந்தன. 2010 பிப்ரவரியில் அதை நிறுத்தி வைத்தார். முடிவு சரியா தவறா என்று விஞ்ஞானிகள் இன்றும் சண்டை போடுகிறார்கள். ஒரு விதைக்காக ஊர் ஊராகப் போய் ஒரு அமைச்சர் கேட்டார் என்பதே எனக்குப் பெரிய விஷயமாகப் படுகிறது. அந்த ஏழில் சென்னை இல்லை என்ற குறையும் உண்டு! கத்தரிக்காய் சாம்பார் இல்லாமல் கல்யாணமே நடக்காத ஊர் நம்முடையது. நெல்லுக்கு அந்த அளவுகூடக் கேட்கவில்லை.

இதை எல்லாம்விட எனக்கு உறுத்தலாக இருப்பது வேறு ஒன்று. அது கிணறு. உப்புத் தாங்கும் நெல் வந்துவிட்டால் அப்புறம் கிணற்றைப் பற்றி யார் கவலைப்படுவார்கள்? 'அதான் உப்பிலேயே விளைகிறதே, இன்னும் நாலு போர் போட்டால் என்ன' என்று யாராவது சொல்வார்கள். இப்போதே சொல்லும் வாய்கள் இருக்கின்றன. கம்ப்யூட்டர் சூடாகி அணைந்துபோகிறது என்றால் உள்ளே இருக்கும் விசிறியைத் துடைக்க வேண்டும். சூட்டைத் தாங்கும் மதர்போர்டு வாங்கிப் போடுவது தீர்வாகாது. எந்த நெல்லுக்கும் ஒரு எல்லை உண்டு. ஆய்வுக்கூட நாற்றே கடல் உப்பில் கால் பங்கைத்தான் தாங்கியது. கடல் அந்தக் கால் பங்கோடு நின்றுவிடும் என்று யார் எழுதிக் கொடுத்தார்கள்? நெல் தாங்கலாம், அதே தண்ணீரை மாடு குடிக்குமா? தென்னை தாங்குமா? வீட்டில் சோறு பொங்க முடியுமா?

வேளாண் உயிரித் தொழில்நுட்பத்துக்குக் கொள்கை வகுக்க 2004-ல் எம்.எஸ். சுவாமிநாதன் தலைமையில் ஒரு குழு அறிக்கை கொடுத்தது. வேறு வழிகள் இல்லாதபோது, அல்லது அவை நடைமுறைக்கு ஒத்துவராதபோது மட்டுமே மரபணு மாற்றத்துக்குப் போக வேண்டும் என்பது அதன் சாரம். அலையாத்தி மரபணுவை நெல்லில் வைத்த நிறுவனத்தை நிறுவியவரே சொன்னது இது. இந்த விஷயத்தில் அவரை நம்புகிறவர்களும் திட்டுகிறவர்களும் அந்த அறிக்கையைப் படித்தால் நல்லது.

வேறு வழிகள் நம்மிடம் இல்லையா என்ன? களர்பாலை, குழியடிச்சான் என்று உவர் நிலத்துக்கென்றே நம் முன்னோர் வைத்திருந்த நெல் ரகங்கள் உண்டு. கேரளத்தில் கடல் நீர் ஏறி இறங்கும் வயல்களில் விளையும் பொக்காளி இருக்கிறது. அதன் உப்புத் தாங்கும் குணத்தைச் சாதாரண ஒட்டு முறையிலேயே, டி.என்.ஏ. அடையாளத்தை வைத்துத் தேடித் தேடி, புது ரகங்களுக்கு மாற்றியிருக்கிறார்கள். இதுவும் பயோடெக்னாலஜிதான், கம்ப்யூட்டர் இல்லாமல் நடக்காத வேலைதான். பேஸ்ட் செய்யாமல் 'பைண்டு' மட்டும் செய்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். திருச்சி வேளாண் கல்லூரி களர் நிலத்துக்காக வெளியிட்ட திருச்சி 1, திருச்சி 3 ரகங்களும் இருக்கின்றன. மகசூல் குறைவு, அரிசி கொஞ்சம் தடிப்பு என்பார்கள். அது உண்மைதான், மறைக்கவில்லை. அதற்குத்தான் ஆராய்ச்சி வேண்டும்.

அதைவிடப் பெரிய வழி மழைத் தண்ணீரை நிலத்துக்குள் அனுப்புவது. கொசஸ்தலையாற்றில் வெள்ளம் வரும்போது எங்கள் கண்முன்னே கடலுக்குப் போகிறது. தடுப்பணையில் நின்றால் அது மணலில் இறங்கும்; நன்னீர் ஏறினால் அதே ஒன்றுக்கு நாற்பது கணக்கு நமக்குச் சாதகமாக வேலை செய்யும். காட்டூர், தத்தைமஞ்சி ஏரிகளைத் தூர் வாரி இணைக்கும் திட்டம் இதற்காகத்தான் எடுக்கப்பட்டது. மெதுவாகத்தான் பலன் தரும், பத்து இருபது வருடம் ஆகலாம். ஐம்பது வருடம் இறைத்ததற்கு அதுகூட இல்லாமலா?

ஆக, உப்புத் தாங்கும் நெல் வரட்டும் என்பதே என் கட்சி. முழுச் சோதனைக்குப் பிறகு வரட்டும். கடலோர கிராமங்களில் கேட்டுவிட்டு, விதையை வைத்துக்கொள்ளும் உரிமையை எழுத்தில் கொடுத்துவிட்டு வரட்டும். ஏரியில் தூர் வாரும் பணம் அதைக் காட்டி வேறு பக்கம் போய்விடக் கூடாது.

இவ்வளவையும் அன்று பெரியவரிடம் சொல்லவில்லை. பாதி சொன்னேன், பாதி பேத்தி சொன்னாள். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "இதெல்லாம் அக்ரி ஆபீசுல கேக்கணும் இல்ல? எழுதும்மா" என்றார். அவள் புதுக் கீபோர்டில் ஒவ்வொரு எழுத்தாகத் தேடித் தேடி, வேளாண்மை உதவி இயக்குநருக்குத் தமிழில் ஒரு கடிதம் அடித்தாள். அந்த நெல் எவ்வளவு உப்பு வரை தாங்கும், விதையை அடுத்த வருடத்துக்கு வைக்கலாமா, ஏரி வேலை எந்த மாதம் முடியும் என்று மூன்றே கேள்விகள். மூன்றாவது கேள்வியை முதலில் போடச் சொன்னார் தாத்தா. கட் செய்து மேலே பேஸ்ட் செய்வது எப்படி என்று அவளுக்கு அப்போதுதான் சொல்லிக் கொடுத்தேன்.

கடிதம் 'உப்பு' என்ற பெயரில் டெஸ்க்டாப்பில் சேவ் ஆகியிருக்கிறது. அடுத்த கிராம சபையிலும் படிக்கப் போவதாகச் சொல்கிறார்கள். பிரின்டர்தான் இன்னும் வாங்கவில்லை. ஸ்டேஷன் பக்கத்துக் கடையில் பக்கத்துக்குப் பத்து ரூபாய் கேட்கிறார்களாம்.